கிளியண்ணை சொன்ன சிங்களம்

முதல் நாள் அது செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கொட்டிலின் வாசலில், வலைத்துண்டு சுற்றிய கூடு ஒன்று தொங்கியது. கூட்டின் மேற்கம்பியைக் கால்விரலால் பிடித்தபடி பச்சையாய் ஒரு சின்னப் பறவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடித்த பக்கமெல்லாம் ஆடியது. "ஐயோ பாவம்" என்று நான் சொன்னது உள்ளே இருந்தவருக்குக் கேட்டுவிட்டது.

"சாகேல்லைப் பிள்ளை, நித்திரை. இந்தச் சாதி வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டுதான் நித்திரை கொள்ளும். கிட்ட வந்து பாருங்கோ."

கிட்டப் போய்ப் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவு, அவ்வளவுதான். உச்சந்தலை சிவப்பு, முதுகின் கீழ்ப்பக்கம் சிவப்பு, சொண்டும் சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை. எங்கள் பனைமரங்களில் கத்திக்கொண்டு திரிகிற கிளிகளுக்கு நீள வால் இருக்கும். இதற்கு வால் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்.

அப்போது எங்களை ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊருக்குக் கிட்ட, வேதக் கோவில் காணியில், தகரக் கொட்டில்களில் இருத்தியிருந்தார்கள். சண்டை முடிந்து நலன்புரி முகாமிலிருந்து வெளியே விட்டதும் சொந்த ஊருக்குத்தான் போவோம் என்று நினைத்து வந்தோம். எங்கள் ஊரோ கடற்கரையோடு சேர்த்து ஆமி முகாம் வேலிக்குள் போயிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் கோவில் மணிக்கூண்டின் தலை மட்டும் தெரியும். என் கணவர் கட்டிய வீடும், அவரே கல் அடுக்கிக் கட்டிய கிணறும் உள்ளே எங்கேயோ இருந்தன.

பக்கத்துக் கொட்டில்காரர் எங்கள் ஊர் இல்லை. சின்ன வயதிலேயே தெற்கே போய், மழை ஓயாத ஒரு காட்டோரத்து ஊரில் பேக்கரியில் வேலை செய்தவராம். சண்டை முடிந்ததும் பிறந்த மண்ணைப் பார்க்க வந்தவர், ஒரு றங்குப் பெட்டியும் இந்தக் கிளியுமாக வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். பெண்சாதி பிள்ளை என்று யாரும் இல்லை. எல்லாரும் அவரைக் கிளியண்ணை என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை ஞாபகத்துக்கு வருவதில்லை. வேண்டுமென்றே நான் மறந்ததாகக்கூட இருக்கலாம்.

கிளி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யார் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுவார். பிள்ளைகளுக்குச் சொன்னது: ஒருநாள் பாண் சுடும் போறணைக்குப் பக்கத்தில் தானாக வந்து அவர் தோளில் இருந்ததாம். கோவில் பாதிரியார் சுவாமிக்குச் சொன்னது: மரம் அரிகிறவர்கள் விழுத்திய மரத்தின் பொந்துக்குள் இருந்து காப்பாற்றினாராம். பறவையைக் கூட்டில் அடைப்பது பாவம் என்று நான் ஒருநாள் முகத்தைச் சுளித்தபோது எனக்குச் சொன்னது: செட்டை உடைந்தது, வெளியே விட்டால் காகம் தின்றுவிடும். மூன்றையும் சேர்த்துக் கேட்டது நான் ஒருத்திதான். ஆளுக்கேற்ற கதை சொல்கிறாரே என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

ஆனால் கிளியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அது நடக்காது, ஏறும். சொண்டையும் ஒரு காலாக ஊன்றிக் கம்பியில் ஏறும். பூவிலே தேன் நக்கும். பழத்தைக் கடிப்பதைவிடச் சாறு உறிஞ்சுவதுதான் கூட. முள்முருக்கு பூத்த காலத்தில் கிளியண்ணை ஊரெல்லாம் திரிந்து சிவப்புப் பூக் கொத்தோடு வருவார். பூ இல்லாத காலத்தில் சீனித்தண்ணியும் கனிந்த வாழைப்பழமும். மரம் சீவுகிறவர் ஒருவர் காலையில் அந்த வழியால் போகும்போது, கிளியண்ணை அவருடைய கள்ளு முட்டியில் விரலைத் தோய்த்துக் கிளிக்குக் காட்டுவார். அது விரலை விடாமல் நக்கும். பிறகு கூட்டின் அடியில் விழுந்து, எழும்பி, சரிந்து, மறுபடி விழும். பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

"காட்டில கித்துள் கள்ளுப் பானைக்குள்ள இறங்கிக் குடிச்சிட்டு வெறியில விழுந்து கிடக்கிற சாதி இது. இதுக்கு இனிப்புத்தான் உயிர். கைச்சது ஒண்டையும் வாயில வைக்காது."

இன்னொரு பழக்கமும் இருந்தது. வாழையிலைத் துண்டைக் கூட்டுக்குள் போட்டால் அதைச் சொண்டால் நறுக்கி நார்நாராகக் கிழிக்கும். ஒவ்வொரு நாரையும் திரும்பி, முதுகின் கீழே உள்ள சிவப்பு இறகுகளுக்குள் செருகும். பெட்டைக்குத்தான் அந்தப் பழக்கமாம். காட்டில் என்றால் அப்படியே முதுகில் சுமந்துகொண்டு பறந்துபோய் மரப்பொந்துக்குள் மெத்தை போடுமாம். கூட்டுக்குள் எங்கே போவது? இரண்டு முறை சிறகடிக்கும், நார் எல்லாம் கீழே விழும். மறுபடி ஒவ்வொன்றாய் எடுத்துச் செருகும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"வீடு கட்டப் போறாவாம்" என்பார் கிளியண்ணை.

அவருக்கு இருந்த பெரிய சொத்து அவருடைய சிங்களம். எங்கள் வரிசையில் வேறு யாருக்கும் ஐயா என்கிற 'மாத்தயா'வுக்கு மேல் ஒரு சொல் வராது. அரசாங்கக் கந்தோர், முகாம், சோதனைச்சாவடி எங்கே போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். ஒருமுறை முன் கொட்டில் மனிதரின் வலையைச் சாவடியில் இழுத்து எறிந்துவிட்டார்கள். மனிதர் போய், வாயில் வந்ததை எல்லாம் தமிழில் கொட்டினார். அந்த ஆமிக்காரரின் பரம்பரையில் ஒருவரையும் விடவில்லை. கிளியண்ணை பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரன் சிரித்துவிட்டு வலையைத் தானே மடித்துக் கொடுத்தான்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்று வழியில் கேட்டோம்.

"ஐயாவுக்குப் பிள்ளையள் பட்டினி எண்ட கவலை, அதுதான் சத்தமாக் கதைக்கிறார் எண்டனான். வேறென்ன."

அன்றைக்கு அந்த மனிதருக்கு விழ இருந்த அடி விழவில்லை. அதற்குப் பிறகு வரிசையில் எந்த வீட்டில் நல்ல மீன் வந்தாலும் ஒரு பங்கு கிளியண்ணைக்குப் போகும். நானும்தான் கொடுத்தேன், மனதாரக் கொடுத்தேன்.

எங்கள் காணி விஷயமாக மாதத்தில் ஒருக்கால் அவரோடு முகாமுக்குப் போவேன். அவர் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு வருவார். வாசலில் பெயர் சொல்லிவிட்டு, வேப்பமரத்தின் கீழே வாங்குப் பலகையில் இருக்க வேண்டும். பிறகு ஒரு அதிகாரி வருவார். உயர்ந்த, கறுத்த, அலுத்த முகமுள்ள மனிதர். ஆனால் ஒருநாளும் எங்களைக் காக்க வைத்து அவமதித்ததில்லை. நான் கேட்பதைக் கிளியண்ணை சிங்களத்தில் சொல்லுவார். அதிகாரி நிறையக் கதைப்பார். கையால் வேலியைக் காட்டுவார், தலையை ஆட்டுவார், மறுபக்கம் கையை நீட்டி ஏதோ சொல்லுவார். சில நேரம் கிளியண்ணையைப் பார்த்து விரலை நீட்டியும் சொல்லுவார். எல்லாம் முடிந்த பிறகு கிளியண்ணை என் பக்கம் திரும்புவார்.

"ஆலோசிக்கினமாம் பிள்ளை. மேலிடத்துக்கு எழுதியிருக்கினமாம். கொஞ்சம் பொறுக்கட்டாம்."

அவ்வளவு நேரம் கதைத்தது இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியதுண்டு. சிங்களம் அப்படி நீளமான பாஷை போலும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் கிளியின் கதை ஏதாவது சொல்லுவார். மழைக்காட்டில் விடியற்காலையில் அது மரத்துக்கு மரம் அம்பு மாதிரிப் பாயும், பறக்கும்போது மட்டும்தான் கூவும், இலைக்குள் இருந்தால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது என்பார். நான் சந்தோசமாக வீட்டுக்கு வருவேன். என் கணவர் மட்டும் தன்பாட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் கல்வீட்டுத் திட்டம் வந்தது. வேலிக்குள் காணி போனவர்களுக்கு உள்ளே தள்ளி ஒரு இடத்தில் காணித்துண்டும் வீடும். கிராம சேவகர் கோவில் முன்றலில் எல்லாரையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். எங்களோடு காணி இழந்த மற்றக் குடும்பங்கள் ஓம் என்றன. அவர்கள் ஒருநாளும் முகாமுக்குப் போய்க் கேட்டவர்கள் அல்ல. நாங்கள் கேட்டவர்கள். எங்களுக்கு உள்வீட்டுச் செய்தி தெரியும் என்ற திமிர் எனக்கு.

"எடுப்பம்" என்றார் என் கணவர். "கடல் தூரம்தான். பரவாயில்லை, கூரை ஒண்டு வேணும்."

"எங்கட காணி வருது. இதை எடுத்தா அதை விட்டதா ஆகிடும்" என்றேன். நேரே போய்க் கிளியண்ணையைக் கேட்டேன்.

அவர் கிளிக்குப் பழம் நசித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "உன்ர மனம் என்ன சொல்லுது பிள்ளை?" என்றார்.

"எங்கட வீட்டுக்குத்தான் போக வேணும் எண்டு சொல்லுது."

"அப்ப பொறு. நல்லதே நடக்கும்."

கிராம சேவகரிடம் போய் வேண்டாம் என்றேன். அவர் இன்னொரு முறை யோசிக்கச் சொன்னார். யோசித்தாயிற்று என்றேன். என் கணவர் கிழமைக்கணக்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த மாரிக்குப் பிறகு கிளியின் தலைச் சிவப்பு காணாமல் போயிருந்தது. உச்சி வெறும் பச்சை. முதலில் கவனித்தது என் மகள்தான். "உதிர்ந்திட்டுதம்மா, இஞ்சத்தைய உப்புக் காத்து. வெயில் மாறத் திரும்பி வரும்" என்றார் கிளியண்ணை. சொன்ன மாதிரியே சில மாதங்களில் சிவப்பு மெல்ல மெல்ல வந்தது. ஆனால் வாழையிலையைப் போட்டால் இப்போது அது திரும்பியும் பார்ப்பதில்லை. கிழிப்பதுமில்லை, செருகுவதுமில்லை.

"இப்ப அவவுக்கு வேற வீடு வேண்டாமாம். என்னோட இருக்கச் சம்மதமாம்" என்றார்.

நம்பினேன். சிவப்புத்தான் சொன்னபடி வந்துவிட்டதே.

அடுத்த ஆவணித் திருவிழாவுக்கு எங்கள் வரிசையே மடு மாதா கோவிலுக்குப் போனது. மரங்களின் கீழே கொட்டில் அடித்தோம். பக்கத்திலேயே கிளியண்ணையும் சீலைத்துணி கட்டி ஒரு நிழல் போட்டு, கூட்டை மரக்கொப்பில் தொங்கவிட்டிருந்தார். தெற்கிலிருந்து சிங்களச் சனமும் பஸ் பஸ்ஸாக வந்திருந்தது. தண்ணி எடுக்கும் இடத்தில் நான் வாளியோடு நின்றபோது ஒரு உயர்ந்த, கறுத்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். யூனிபோம் இல்லாமல் சாரம் கட்டியிருந்ததால் எனக்கு உடனே பிடிபடவில்லை. அந்த அதிகாரி. எங்கள் பக்கத்திலிருந்து மாற்றலாகிப் போனவர். கூட அவருடைய மனைவி. சிலாபம் பக்கத்துப் பெண், நன்றாகத் தமிழ் கதைத்தார்.

"உங்களை இவருக்கு நல்லா ஞாபகம் இருக்காம்" என்றார் அந்த அம்மா. "புது வீட்டுக்குப் போயிட்டீங்களான்னு கேக்கிறார்."

"எந்தப் புது வீடு? எங்கட காணி விடுறதாத்தானே சொன்னவர். அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்."

அந்த அம்மா அதைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. மனைவியிடம் நிறையச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றார். பிறகு என் வாளியைத் தான் வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"முதல் நாளே சொன்னாராம், அந்தக் காணி கிடைக்காதுன்னு. ஒவ்வொரு முறையும் சொன்னாராம். வீட்டுத் திட்டம் வருது, பெயரைக் குடுத்திடுங்க, விட்டா வேற இல்லைன்னு உங்ககூட வந்தவர்கிட்டக் கண்டிப்பாச் சொல்லச் சொன்னாராம். அவர் சொல்லலையா?"

வாளியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். மரங்களுக்கிடையில் சனம், சமையல் புகை, எங்கேயோ செபமாலை. கிளியண்ணை சிரட்டையில் சீனி கரைத்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியே?"

"காணி தரேலாது எண்டு முதல் நாளே சொன்னவராம். உண்மையே?"

அவருடைய கை நின்றது. பொய் சொல்லுவார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அது மாதாவின் இடம் என்பதால் இருக்கலாம்.

"ஓம்" என்றார். "சொன்னவர்தான்."

"திட்டத்துக்குப் பேர் குடுக்கச் சொன்னது?"

"ஓம்."

"நான் வந்து கேக்கேக்க ஏன் அண்ணை சொல்லேல்லை? பிள்ளையளோட தகரத்துக்குள்ள கிடந்து வேகிறதை ஒவ்வொரு நாளும் பாத்தனீங்கள்தானே?"

"முதல் நாள் உன்ர முகத்தைப் பாத்தன். சொல்ல ஏலாமல் போச்சு. அடுத்தமுறை சொல்லுவம் எண்டு நினைச்சன். நீ சந்தோசமாத் திரும்பி வருவாய். அதைக் கெடுக்க மனம் வரேல்லை. பிறகு... பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. வீடு போனது எனக்கு, அழுவது இவர். அப்போது ஏனோ கொப்பில் தொங்கிய கூட்டைப் பார்த்தேன்.

"இது அந்தக் கிளியா?"

சிரட்டையைக் கீழே வைத்தார். "இல்லைப் பிள்ளை. அது மாரிக்குள்ளேயே செத்துப்போச்சு. உன்ர மகள் அதில உயிரா இருந்தவள். தெற்கால வாற லொறிக்காரப் பெடியனிட்டச் சொல்லி இன்னொரு குஞ்சு எடுப்பிச்சனான். குஞ்சுக்குத் தலையில சிவப்பு இராது."

நான் அப்படியே மணலில் இருந்து அழுதேன். வீட்டுக்காக வராத அழுகை அந்தக் கிளிக்காக வந்தது. அது செத்ததற்குக்கூட எங்களை அழவிடவில்லை இந்த மனிதர். நார் செருகிச் செருகிப் போட்ட அந்தச் சீவனை எங்கே புதைத்தார் என்றும் கேட்கத் தோன்றவில்லை. கெட்டவன் ஒருவன் ஏமாற்றினால் ஏசிவிட்டு ஆறிவிடலாம். இவரை என்ன செய்வது? எங்கள் வீட்டு மீனைத் தின்றவர், என் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய இருந்தவர், என்மேல் உண்மையாகவே பாசம் வைத்தவர். அந்தப் பாசத்தாலேயே எங்களை நடுத்தெருவில் விட்டவர்.

திருவிழா முடிந்து கோவில் காணிக்கு அவர் திரும்பவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒருவரிடம் வைத்தியத்துக்கு, ஒருவரிடம் பழைய முதலாளி கூப்பிட்டார், பிள்ளைகளிடம் கிளிக்குச் சோடி தேடி. கிராம சேவகரிடம் போய்க் கேட்டேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, இனி வந்தால் பார்ப்போம் என்றார். அவர் முகத்தில் அடித்த மாதிரித்தான் சொன்னார். பூசி மெழுகாத அந்தச் சொல் எனக்கு நன்றாக இருந்தது.

பள்ளிமுனைப் பக்கம் ஒரு சிஸ்டர் பெண்களுக்குச் சிங்களம் படிப்பித்தார். போய்ச் சேர்ந்தேன். இந்த வயதில் எழுத்துக் கூட்டுகிறாளே என்று வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போனேன். இனி என் காதுக்கு வரவேண்டியது இன்னொருவர் வாய் வழியாக வரக்கூடாது. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஓரளவு கதைக்க வந்ததும் ஒருநாள் காலை முகாம் வாசலுக்குப் போனேன். என் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். காணி வராது என்று தெரியும். அதைக் கேட்கப் போகவில்லை. எங்கள் வீடு இன்னும் நிற்கிறதா என்று மட்டும் கேட்டேன். மணிக்கூண்டிலிருந்து எத்தனையாவது வீட்டு வளவு, கிணறு எந்தப் பக்கம் என்று விளங்கப்படுத்தினேன். காவலுக்கு நின்றவன் இளம்பெடியன். என் சிங்களத்தைக் கேட்டு முதலில் கொஞ்சம் முழித்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றையும் இடித்தாயிற்று, கிணற்றையும் மூடியாயிற்று, இப்போது அங்கே தாங்கள் பந்து விளையாடுகிறோம். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

திரும்பி றோட்டைக் கடந்தேன். வீட்டை விடு, விடு என்று இவ்வளவு காலமும் சொன்ன மனிதர், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. கல்யாணம் பேசி வந்த அன்றுகூட அவ்வளவு ஆசை அதில் இருக்கவில்லை.

"என்னவாம்? கிணறாவது கிடக்குதாமே?"

கிடக்குதாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் செல்லும்? நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பார்.

"வீட்டை இடிச்சுப் போட்டாங்களாம். கிணத்தையும் மூடியாச்சாம். அதில பந்தடிக்கிறாங்களாம்" என்றேன், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் திரும்பி மதிலடிக்குப் போனார். பிறகு சைக்கிளை எடுத்து, "ஏறு" என்றார்.